சாணைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரத் தூசி

ஒன்பதாம் வகுப்பின் நடுவில் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு கிடைத்த வேலைகளில் முக்கால்வாசி எதையாவது தேய்க்கிற வேலையாகவே அமைந்துவிட்டது.

முதலில் மயிலாப்பூரில் மொசைக் தரை. அடுக்குமாடி வீடுகளில் தரை போட்டு முடித்ததும் நாங்கள் போவோம். மெஷினுக்கு அடியில் கார்போரண்டம் என்கிற தேய்ப்புக் கற்களை மாட்டி, தண்ணீர் ஊற்றி, ஓட்டிக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். சிமென்ட் சேறு கணுக்கால் வரை ஏறும். கால் விரலிடுக்கு வெந்து தோல் உரியும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அந்தக் கட்டடத்திலேயே மாடிப்படியில் படுத்துக்கொள்வோம். வாடகை மிச்சம் என்பதால் யாரும் குறை சொன்னதில்லை.

பிறகு தி. நகரில் ஒரு நகைப் பட்டறை. ஜன்னல் இல்லாத மாடியறையில் மெருகு போடும் வேலை. அங்கே எதையும் கூட்டி வெளியே தள்ள முடியாது. தரைத் தூசி, கை கழுவிய தண்ணீரின் வண்டல், கிழிந்த பாய், துடைத்த துணி எல்லாவற்றையும் சேர்த்துவைத்து எரித்து, சாம்பலை ஆசிடில் போடுவார்கள். கரைவதெல்லாம் கரைந்துபோன பின் அடியில் பொன் நிற்கும். அந்தப் புகையில் பத்து மாதம் நின்றேன். அப்போது வந்த இருமல் இன்றும் மழைக்காலத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

ஓர் இடத்தில் நிலைத்து நிற்கிற குணம் எனக்கு இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் லாரி ஏறி ஹூப்ளி, விஜயவாடா என்று போய்விடுவேன். திரும்பி வந்தால் மயிலாப்பூர்க் குளத்துப் பக்கம் பழகியவர்கள் யாராவது அறையில் ஒரு ஓரம் கொடுப்பார்கள். அப்படி ஒருமுறை திரும்பி வந்தபோதுதான், ஒப்பந்தக்காரர் ஒருவர் மூலமாக, அடையாற்றைத் தாண்டித் தரமணிப் பக்கம் இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கல் அறுக்கும் அறைக்கு எடுபிடியாகச் சேர்ந்தேன்.

அந்த அறை பாயினுடையது. நிலையத்தில் எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். ராயப்பேட்டையில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம். வீட்டில் உருது, அறையில் மெட்ராஸ் தமிழ். மாணவர்கள் கொண்டுவரும் பாறைகளை அறுத்து, சாணைச் சக்கரத்தில் தேய்த்து, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்கிக் கொடுப்பார். நான் தண்ணீர் பிடிப்பேன், சேற்றை வழிப்பேன், புட்டிகளைக் கழுவுவேன். முதல் நாள் அவருடைய அலமாரியைத் திறந்தபோது சிரிப்பு வந்தது. உள்ளே முழுக்கக் கார்போரண்டம் பொடி. ஊரெல்லாம் சுற்றிவிட்டு அதனிடமே வந்து நின்றிருந்தேன்.

பக்கத்து அறையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண்ணுக்கு அப்போது இருபத்தெட்டு வயது இருக்கலாம். அவள் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் ஜவுளிக்கடை வைத்தவர். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். நான் முதலில் மேடம் என்றேன். அவள் முறைத்ததால் ‘ம்மா’வுக்கு இறங்கினேன்.

அவளிடம் ஒரு கல் இருந்தது. வானத்திலிருந்து விழுந்தது. வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று, பல கடிதப் போக்குவரத்துக்குப் பின், புளியங்கொட்டை அளவில் ஒரு துண்டை அவளுடைய பேராசிரியருக்கு அனுப்பியிருந்தது. விண்கல் என்றால் பளபளப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது கருகிப்போன அடையின் துண்டு மாதிரி இருந்தது. தெருவில் கிடந்திருந்தால் கரி என்று அடுப்பில் போட்டிருப்பேன்.

“இது சமைக்காத கல்லுண்ணே,” என்றாள். “மத்த விண்கல்லெல்லாம் சூட்டுல உருகி எல்லாம் ஒண்ணாயிடுச்சு. இதுல போட்டது போட்டபடி இருக்கு.”

அதற்குள் என்ன போட்டிருந்தது என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக, டீ குடிக்கும் நேரங்களில் சொன்னாள். சூரியனும் பூமியும் உண்டாவதற்கு முன்பே எங்கெங்கோ இருந்த நட்சத்திரங்கள் வயதாகி ஊதிப்போய், தம்மைச் சுற்றிப் புகையைக் கக்கியிருக்கின்றன. அந்தப் புகை ஆறும்போது அதில் பொடி உறைந்தது. அந்தப் பொடியில் ஒரு சிறு பங்கு எதிலும் கரையாமல், உருகாமல், அப்படியே இந்தக் கல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. ஒரு தலைமுடியின் அகலத்தில் வரிசையாக ஐம்பது அறுபது பொடிகளை வைத்துவிடலாம்.

அந்தப் பொடியெல்லாம் என்ன சரக்கு என்று கேட்டேன். வைரம் என்றாள். பென்சில் கரி. குருந்தம், அதாவது மாணிக்கமும் நீலமும் எந்தக் கல்லோ அந்தக் கல். அந்தக் கல்லுக்கு உலகம் முழுக்க நம் தமிழ்ப் பெயர்தான் என்று ஒரு பெருமையும் சொல்லிக்கொண்டாள். அப்புறம், அவள் தேடிக்கொண்டிருந்தது, கார்போரண்டம்.

நான் பாயைப் பார்த்தேன். பாய் அலமாரியைப் பார்த்தார். “நம்ம கார்போரண்டமா?” என்றார்.

அதேதான் என்றாள். கரியும் மணலில் இருக்கும் சிலிக்கனும் சேர்ந்தது. பூமியில் அது தானாகக் கிடைப்பது அபூர்வம், நாம் உலையில் செய்துகொள்கிறோம். நட்சத்திரம் அதைச் சும்மா ஊதித் தள்ளியிருக்கிறது.

அன்று பறக்கும் ரயிலில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வைரப் பொடி, குருந்தப் பொடி, கார்போரண்டம். நான் வாழ்நாளெல்லாம் எவற்றை வைத்துத் தேய்த்தேனோ அவைதான் பட்டியலில் இருந்தன. யோசித்தால் அதில் மர்மம் இல்லை. தேய்ந்துபோகாதவற்றை வைத்துத்தான் தேய்க்க முடியும். அவ்வளவு தூரமும் காலமும் தாண்டி வந்து சேர்வதும் அவைதான்.

கல்லை அவள் கரைத்த முறை எனக்குத் தெரிந்த முறை. நகைப் பட்டறையில் குப்பையைக் கரைப்போமே, அதுதான். ஆனால் அந்த ஆசிட் கண்ணாடியையே தின்றுவிடும் என்பதால் எல்லாம் பிளாஸ்டிக் புட்டி, இரட்டைக் கையுறை, புகையை உறிஞ்சும் தனிக் கூண்டு. என்னை உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்ப்பேன். வாரக்கணக்கில் ஊற்றினாள், சுழற்றினாள், தெளிந்ததை இறுத்தாள், மறுபடி ஊற்றினாள். கடைசியில் புட்டியின் அடியில் ஒரு சாம்பல் நிழல் மட்டும் மிஞ்சியது.

கரைந்துபோனதில் நட்சத்திரத் தூசி இல்லையா என்று ஒருநாள் கேட்டேன். இருந்தது, அதிகமாகவே இருந்தது என்றாள். பச்சை நிறத்து மென்மையான தாதுக்கள். ஆசிடில் அவை நிற்காது. அவற்றைத் தேட வேறு வழி உண்டு, அது வேறு ஆட்களின் வேலை. இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான், என்னோடு மொசைக் வேலையில் இருந்து நுரையீரல் கெட்டு ஊருக்குப் போனவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

அந்தச் சாம்பல் நிழலை ஆல்கஹாலில் கலக்கி, சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு தகட்டின் மேல் ஒட்டிய தங்கத்தாளில் துளித்துளியாக விட்டு உலர்த்தினாள். புட்டியைக் கழுவி, கழுவிய நீரையும் அதே தாளில் விட்டாள். வெளியே மிச்சம் எதுவும் இல்லை. இனி அந்தத் தகடுதான் எல்லாம். அதை நுண்ணோக்கியில் பார்த்துக் கார்போரண்டம் பொடிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்து, வெளிநாட்டில், பொடிக்குள் இருப்பதை அளந்து பார்க்கும் ஒரு பெரிய கருவிக்கு எடுத்துப்போக வேண்டும். ஒன்றரை வருஷம் காத்திருந்து அந்தக் கருவியில் நான்கு நாள் கிடைத்திருந்தது. அவளுடைய உதவித்தொகைக் காலமும் அதோடு முடிகிறது. அதற்குப் பிறகு ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அப்பாவின் கடைக் கல்லாவில் உட்கார வேண்டும்.

ஆயுத பூஜை அப்போது வந்தது.

கல் அறுக்கும் அறையில் அந்தப் பூஜையை முன்நின்று நடத்துவது பாய்தான். மெஷினைத் துடைப்பதில் அவருக்கு நிகர் கிடையாது. நாங்கள் இருவரும் காலையிலிருந்து எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டினோம். பொரியும் பொட்டுக்கடலையும் பாய் ராயப்பேட்டையிலிருந்தே வாங்கி வந்திருந்தார். மாணவர்கள் அவரவர் சுத்தியல், லென்ஸ், ஒருவன் லேப்டாப் என்று கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள்.

அந்தப் பெண் தகட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தாள். எங்கே வைக்கலாம் என்று பார்த்து, சாணைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். கற்பூரம் ஏற்றும் நேரத்தில் பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கே அது இயல்பாகப் பட்டது. தி. நகர் ஜவுளிக்கடைகளில் பார்த்திருக்கிறேன். ஆயுத பூஜையன்று கல்லாப்பெட்டியைத் திறந்து வைத்துத்தான் தீபம் காட்டுவார்கள். கத்திரிக்கோலைக்கூட வாய் திறந்துதான் வைப்பார்கள். மூடிவைத்ததை சாமி எப்படிப் பார்க்கும்? அவள் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவள்.

தீபாராதனை முடிந்தது. தீபம் முடிந்ததும் மெஷினை ஒரு நிமிஷம் ஓட்டிக் காட்டுவது எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம். பாய் சுவிட்சைப் போட்டார். அன்று தண்ணீர்க் குழாயைக் கழற்றி வைத்திருந்ததால் சக்கரம் உலர்ந்தே சுற்றியது. எல்லோரும் கை தட்டினோம். பொரி வாங்கிக்கொண்டோம். அவள் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

விடுமுறை முடிந்த வாரம் அவள் ஓட்டமாக எங்கள் அறைக்கு வந்தாள். நுண்ணோக்கியில் தகட்டின் ஒரு மூலையைத்தான் பார்த்திருக்கிறாள், அதற்குள்ளேயே கார்போரண்டம் கொட்டிக் கிடக்கிறதாம். இந்தக் கல்லில் இவ்வளவு யாரும் எடுத்ததில்லை என்றாள். பாய் டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த இரண்டு நாள் அவளைக் காணவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். நேராகச் சாணைச் சக்கரத்தின் முன்னால் போய் நின்றாள். விரலால் அதன் ஓரத்தைத் தடவி, விரலை வெளிச்சத்தில் பார்த்தாள்.

“இன்னாமா?” என்றார் பாய்.

“அவ்வளவு இருக்க முடியாது பாய். கல்லோட எடைக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். நான் எடுத்தது உங்க சக்கரத்த.”

பாய்க்கு உடனே புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். மூடி திறந்திருந்தது. சக்கரம் ஓடியது. சக்கரமும் கார்போரண்டம், தேடும் பொருளும் கார்போரண்டம். நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே சரக்கு. சூரியனுக்கு முந்தைய தூசியின் மேல் இந்த அறையின் தூசி படிந்துவிட்டது, இனி எது எது என்று தெரியாது. தகட்டைக் கழுவினால் இரண்டும் சேர்ந்து போய்விடும்.

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். நான்தானே மா சுவிட்ச் போட்டேன் என்றார். மூடியைத் திறந்தது நான் பாய் என்றாள் அவள். கை தட்டியது நான் என்று எனக்குத் தோன்றியது.

பேராசிரியர் திட்டவில்லையாம். புட்டியில் ஏதாவது மிச்சம் உண்டா என்று மட்டும் கேட்டுவிட்டு, இல்லை என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாராம். அவள் அப்பா சொன்னதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள், கண் சிரிக்கவில்லை: “சாயம் போன துணின்னா ஆடித் தள்ளுபடில தள்ளிடலாம், உன் தூசிய எங்க தள்றதுன்னு கேக்காருண்ணே.”

கருவியில் கிடைத்த நான்கு நாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவதா, இந்தத் தகட்டோடு போவதா என்பதுதான் அப்போது கேள்வி. கலப்படத் தகட்டோடு போனால் நான்கு நாளும் பாயின் சக்கரத்தை அளந்துவிட்டு வரவேண்டியதுதான்.

ஒரு வாரம் கழித்து அவளே ஒரு வழி கண்டாள். கார்போரண்டத்தில் அணுக்கள் அடுக்கி நிற்கிற விதம் பல உண்டாம். உலையில் செய்ததில் பெரும்பாலும் ஓர் அடுக்கு, நட்சத்திரப் புகையில் உறைந்ததில் பெரும்பாலும் வேறு அடுக்கு. பொடியின் மேல் லேசர் வெளிச்சத்தைப் பாய்ச்சி, சிதறி வரும் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால் அது தெரியும். எனக்குப் புரியட்டும் என்று கடைக் கணக்கில் சொன்னாள். “ஒரே சேலதாண்ணே. எங்க கடை மடிப்பு வேற, எதிர்க்கடை மடிப்பு வேற.” மடிப்பை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் எவற்றை எடுத்துப்போவது என்று பொறுக்க அது போதும்.

முதலில் எங்கள் சக்கரத்தின் மடிப்பு தெரிய வேண்டும். பாயிடம் அதன் தூசி கொஞ்சம் கேட்டாள். பாய் சக்கரத்தைப் பட்டர் பேப்பரின் மேல் சுரண்டி, மருந்துக்கடைக்காரர் மாதிரி மடித்துக் கொடுத்தார்.

லேசர் கருவி வேறு கட்டடத்தில் இருந்தது. தகட்டைத் தனியாக எடுத்துப்போக அவளுக்கு இப்போது பயம், அதனால் நான் கூடவே போய், கதவைத் திறந்து மூடி, மின்விசிறியை யாரும் போடாமல் பார்த்துக்கொண்டேன். அவள் பொடி பொடியாக நகர்த்திப் பார்ப்பாள். திரையில் ஒரு கோடு மலை மாதிரி எழும்பும். அதைப் பார்த்து, பஸ் கண்டக்டர் நிறுத்தம் சொல்கிற குரலில், “சக்கரம்,” என்பாள். “சக்கரம். சக்கரம். இதுவும் சக்கரம்.” பகல் முழுக்க அதுதான். மறுநாளும் அதுதான். எனக்குப் பசி வந்தாலும் எழுந்திருக்கவில்லை. எந்த வேலையிலும் நான் அப்படி உட்கார்ந்தது கிடையாது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஒரு பொடிக்கு அவள் எதுவும் சொல்லவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். திரையில் மலை வேறு இடத்தில் எழும்பியிருந்தது, அது எனக்கே தெரிந்தது. அவள் கருவியை அணைக்காமல் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அந்த வேலை முடிவதற்குள் அப்படி இன்னும் சில வந்தன. சக்கரம் என்று தள்ளியவற்றோடு பார்த்தால் எண்ணிக்கையில் அவை ஒன்றுமே இல்லை.

புறப்படுவதற்கு முன்னால் ஒருநாள், அவள் டீ குடிக்கும்போது, நீண்ட நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். நட்சத்திரத்துக் கார்போரண்டம் சரி, நம் சக்கரத்தில் இருக்கும் கரி எங்கிருந்து வந்தது? அதுவும் நட்சத்திரத்திலிருந்துதான் வந்தது என்றாள். சக்கரம், பென்சில், நம் எலும்பு எல்லாம். ஆனால் சூரியன் உண்டானபோது எத்தனையோ நட்சத்திரங்களின் சரக்கு ஒன்றாகக் கலந்துவிட்டது. கரி அணுவில் கனமானது, லேசானது என்று இரண்டு வகை உண்டாம், அவை இன்ன விகிதம் என்பது பூமி முழுக்க ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. எதை எடுத்துப் பார்த்தாலும் இன்ன நட்சத்திரம் என்று சொல்ல முடியாது. கலக்காமல் வந்த பொடியில்தான் விகிதம் வேறாக இருக்கும், அதை வைத்துத்தான் ஊர் சொல்ல முடியும்.

உனக்கு எந்த ஊர் என்று மயிலாப்பூரில் யாராவது கேட்டால், அன்றைக்கு வாயில் வருகிற ஊரைச் சொல்கிறவன் நான். எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்து, எந்த இடத்தின் சாயலும் தனியாகத் தெரியாதபடி ஆகிவிட்டது. அதில் எனக்குப் பெரிய வருத்தம் இருந்ததில்லை. அவள் சொன்னதைக் கேட்ட பிறகு, அது உலகத்தில் பெரும்பாலான பொருளுக்கு நடந்ததுதான் என்று தெரிந்தது.

பட்டர் பேப்பர் பொட்டலத்தையும் அவள் உடன் எடுத்துப்போனாள். அது எதற்கு என்று பாய் கேட்டார். கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்க, பூமியின் கார்போரண்டம் என்று சந்தேகமில்லாமல் தெரிந்த ஒன்றை ஒவ்வொரு முறையும் முதலில் அளக்க வேண்டுமாம். எல்லோரும் கடையில் வாங்கிய பொடியை வைப்பார்கள். அவள் எங்கள் சக்கரத்தையே வைக்கப் போகிறாள். தகட்டில் விழுந்த தூசி இதுதான் என்று அப்போதுதான் வாதிட முடியும்.

“நான் ஏர்போர்ட் உள்ள போனதில்ல நைனா,” என்றார் பாய் என்னிடம். “நம்ம வீலு போய்க்கினு கீது.”

அவள் போன அந்த நான்கு நாளும் எங்களுக்கு வேலை ஓடவில்லை. ஐந்தாம் நாள் பாயின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பொறுக்கிப்போனவற்றில் சில பூமியாகவே இருந்துவிட்டன. மிச்சமிருந்தவை, ஒரு கையில் எண்ணிவிடலாம், பூமி அல்ல. அவற்றின் விகிதம் பூமியின் விகிதத்துக்கு எட்டவே எட்டாத இடத்தில் நின்றது. அவை செத்துப்போன நட்சத்திரங்களின் கரி. சக்கரத்தின் தூசி மட்டும் எத்தனை முறை அளந்தாலும் ஒரே இடத்தில், சொல்லிவைத்த மாதிரி பூமியில் நின்றதாம்.

ஆய்வேடு அவள் நினைத்ததைவிட மெலிதாகத்தான் வந்தது. பூஜையன்று மூடியைத் திறந்ததையும் அதில் எழுதிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். பேராசிரியர் அந்த இடத்தை அடிக்கச் சொல்லியும் அவள் அடிக்கவில்லையாம். தேர்வாளர்கள் அந்தப் பொடிகளை ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்த வருஷ ஆயுத பூஜை வந்தது; ஓர் இடத்தில் நான் இரண்டாவது ஆயுத பூஜை பார்ப்பது அதுவே முதல் தடவை. அவள் தி. நகர்க் கடையிலிருந்து பெரிய பொரிப் பை ஒன்றை ஆட்டோவில் கொண்டுவந்தாள். கைப்பையில் தகட்டுப் பெட்டியும் இருந்தது. அளந்து முடித்த தகடு. கருவி குடைந்ததில் அந்தப் பொடிகளில் பாதி போய்விட்டது, மிச்சம் தங்கத்தாளிலேயே இருக்கிறது. அதைச் சாணைச் சக்கரத்துக்குப் பக்கத்தில், போன வருஷம் வைத்த இடத்திலேயே வைத்தாள். கற்பூரம் ஏற்றியதும் மூடியைத் திறந்தாள்.

தீபாராதனை முடிந்தது. பாய் சுவிட்சின் மேல் கை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

“ஓட்டுங்க பாய். இனி என்ன ஆகப்போகுது.”

பாய் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். சக்கரத்தின் ஓரத்தில் விரல் வைத்து, தூசி எழாதபடி மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நிறுத்தினார்.

“ஓடிச்சு,” என்றார். “மூடுமா அத்த.”

அவள் மூடிய பிறகுதான் எங்களுக்குப் பொரி கொடுத்தார்.